படுவான்கரைச் சின்னப் பள்ளிக்கூடங்களின் பெறுபேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ.எல் (தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வெளியாகும் கிழமையில் எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான். பெற்றோர் கேட்கிறார்கள், பழைய மாணவர் கேட்கிறார்கள், கனடாவில் இருந்துகொண்டு ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களும் கேட்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையில் வவுணதீவு, பட்டிப்பளை, கரடியனாறு பக்கமெல்லாம் கணித பாட ஆசிரிய ஆலோசகராக மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுகிறார்களில்லை.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும் இதில் இல்லை. உதாரணத்துக்கு வரும் மாணவர் எண்ணிக்கைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை.

சின்னப் பள்ளிக்கூடம் எண்டா எது? எத்தின புள்ளைகள் இருந்தா சின்னது?

அரசாங்கம் பள்ளிகளை வகைப்படுத்துவது மாணவர் தொகையை வைத்து அல்ல, எந்த வகுப்பு வரை இருக்கிறது என்பதை வைத்து. 1ஏபி என்றால் உயர்தர (ஏ.எல், தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம். வகை 2 தரம் 11 வரை. வகை 3 ஆரம்பப் பிரிவோடு அல்லது தரம் 8 ஓடு நிற்கும். படுவான்கரையின் உட்கிராமங்களில் கூடுதலாக இருப்பவை வகை 2, வகை 3.

நாடு முழுக்க பத்தாயிரம் சொச்சம் அரசாங்கப் பள்ளிகளில் 50 பிள்ளைகள்கூட இல்லாதவை ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் இந்தக் கேள்வி பதிலில் நான் "சின்னது" என்று சொல்வது வேறு: ஓ.எல் எழுதும் வகுப்பில் ஏழெட்டில் இருந்து இருபது பிள்ளைகள் வரை இருக்கும் பள்ளிக்கூடம். பெறுபேற்றைப் பற்றிப் பேசும்போது அந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

ஓ.எல் "பாஸ்" எண்டா என்ன? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுறாங்க.

ஒரு பிள்ளை 9 பாடம் எழுதுகிறது. 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ், அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது அந்தப் பாடத்தில் சித்தி இல்லை. மொத்தப் பரீட்சைக்கும் "பாஸ்" என்று தனியாக ஒரு கோடு கிடையாது. பொதுவாக ஆட்கள் பாஸ் என்று சொல்வது உயர்தரம் படிக்கத் தகுதி பெறுவதை: தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடத்தில் சித்தி, அதில் 3 பாடத்திலாவது சி அல்லது அதற்கு மேல்.

ஆகவே ஒருவர் "80 வீதம்" என்றால், எதில் 80 என்று கேளுங்கள். உயர்தரத் தகுதியா, கணிதத்தில் மட்டும் சித்தியா, அல்லது ஒரு பாடமாவது சித்தியடைந்தவர்களா? ஒரே பள்ளி, ஒரே வருடம், மூன்றுக்கும் மூன்று விடை வரும். எங்கள் பக்கத்தில் கணிதம்தான் கழுத்தைப் பிடிப்பது. மற்ற எட்டுப் பாடமும் தேறி, கணிதத்தில் டபிள்யூவோடு நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காணலாம். பழைய கணித வாத்தியார் இதைச் சொன்னால் தன் பாடத்தைப் பெரிதாக்குகிறார் என்பார்கள், சொல்லட்டும்.

போன வருசம் 80 வீதம், இந்த வருசம் 40 வீதம். மாஸ்டர்மார் படிப்பிக்கல்லையா?

இதுதான் கூடுதலாக வரும் கேள்வி. இந்தக் கேள்வியால் நல்ல அதிபர்மார் சிலர் பெற்றோர் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேர் எழுதினார்கள் என்று. 10 பேர் எழுதினால் ஒரு பிள்ளை 10 வீதம். 80 என்றால் 8 பேர், 40 என்றால் 4 பேர். நான்கு பிள்ளைகளின் கதை. ஒருத்திக்குப் பரீட்சைக் கிழமையில் டெங்கு, ஒருவன் கணிதத்தில் இரண்டு புள்ளியால் தவறினான், இருவர் தொடக்கத்தில் இருந்தே மெல்லக் கற்பவர்கள். இப்படி நடந்தாலே போதும், கற்பித்தலில் ஒரு மாற்றமும் இல்லாமலே 80 போய் 40 வரும். தோணியில் ஒருவன் இடம் மாறி இருந்தாலே ஆடும்; வாகனமும் ஏற்றும் பெரிய மிதவையான படகுப்பாதையில் பத்துப் பேர் நடந்தாலும் தெரியாது.

இதைக் கணக்காகவே காட்டலாம். ஒவ்வொரு பிள்ளையும் சித்தியடைய 60 வீத வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். வருடா வருடம் அதே ஆசிரியர்கள், அதே தரம். 10 பேர் எழுதும் பள்ளியில் ஏறக்குறைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் சித்தியடைவோர் 4க்கும் 8க்கும் இடையில் நிற்பார்கள், மீதி ஒரு வருடம் அதற்கும் வெளியே போகும். அதாவது 40 வீதமும் 80 வீதமும் ஒரே பள்ளியின் ஒரே தரத்துக்குள் அடங்கும். அதே வாய்ப்போடு 100 பேர் எழுதும் பள்ளி என்றால், பத்தில் ஒன்பது வருடம் 52க்கும் 68க்கும் இடையில்தான் நிற்கும். டவுன் பள்ளியின் வீதம் அசையாமல் இருப்பதற்கும் எங்கள் பள்ளியின் வீதம் குதிப்பதற்கும் ஒரு பெரிய காரணம் இந்த எண்ணிக்கைதான்.

அப்ப பெறுபேற்றைப் பார்க்கவே கூடாதா? என்னெண்டுதான் பார்க்குற?

பார்க்க வேண்டும். ஆனால் ஒரு வருடத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் ஐந்து. சேர்க்கும்போது வீதங்களைக் கூட்டி வகுக்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஒரு வருடம் இருவர் எழுதி இருவரும் தேறினார்கள்: 100 வீதம். அடுத்த வருடம் 12 பேர் எழுதி 4 பேர்: 33 வீதம். வீதங்களைக் கூட்டி இரண்டால் பிரித்தால் 67 என்று வரும். பிள்ளைகளைக் கூட்டினால் 14 பேரில் 6 பேர், 43 வீதம். இரண்டாவதுதான் உண்மை. கல்வி வலய மட்டக் கூட்டங்களில்கூட முதலாவது கணக்கைத் திரையில் போட்டுக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் சேர்த்தும் ஒரு பாடத்தில் தொடர்ந்து பாதிக்கு மேல் டபிள்யூ என்றால், அது அதிர்ஷ்டம் இல்லை. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இருந்தால் என்ன நடக்கிறது என்று அப்போது தாராளமாகக் கேட்கலாம்.

"100 வீத சித்தி" எண்டு சந்தியில பேனர் கட்டியிருக்காங்களே, அது பொய்யா?

பொய்யாக இருக்கத் தேவையில்லை. ஆனால் எத்தனை பேரில் 100 என்பதை அந்தப் பேனர் சொல்வதில்லை.

ஒரு வகுப்பை முதலாம் ஆண்டில் இருந்து பின்தொடர்வோம். 22 பேர் சேர்ந்தார்கள். தரம் 5 முடிய 6 பேர் டவுன் பள்ளிக்குப் போனார்கள். 3 பேர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார்கள். 5 பேர் தரம் 8க்கும் 10க்கும் இடையில் நின்றுவிட்டார்கள். மீதி 8 பேர் ஓ.எல் எழுதினார்கள், 8 பேரும் தகுதி. பேனருக்கு 100 வீதம். "22 பேரில் 8 பேர்தானே, 36 வீதம்" என்று ஊரில் ஒருவர் சண்டைக்கு வருவார். அதுவும் நியாயம் இல்லை, போன 6 பேர் டவுனில் நன்றாகத் தேறியிருக்கலாம். வேறு இடத்துக்குப் போகாமல் இந்தப் பள்ளியின் கையில் இருந்தவர்கள், இடையில் நின்ற 5 பேரையும் சேர்த்து, 13 பேர், அதில் 8 பேர் தேறினார்கள், ஏறக்குறைய 62 வீதம். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இடையில் நின்ற அந்த ஐந்து பேரும் எந்தப் பெறுபேற்று அட்டவணையிலும் வரமாட்டார்கள். அதிபர் அறைச் சுவரில் தொங்கும் அட்டவணையில் "தோற்றியோர்" என்ற நிரலில் இருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் "தரம் 6 இல் இருந்தோர்" என்று ஒரு நிரல் கீறச் சொல்லிப் பல இடங்களில் கேட்டேன். கீறியவர்கள் மிகச் சிலர். இன்னொன்று: பலவீனமான பிள்ளையிடம் "நீ அடுத்த வருசம் வெளியால எடு" (தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுது) என்று மெதுவாகச் சொல்லி, பள்ளிப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிற வேலையும் சில இடங்களில் நடக்கிறது. அப்படிக் கிடைத்த 100 வீதத்தை விட நேர்மையான 55 எனக்குப் பெரிது.

ஸ்கொலர்சிப்பில 70க்கு மேல எடுத்தா பாஸ்தானே? பிறகு ஏன் கட் அவுட் எண்டு சொல்லுறாங்க?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு மொத்தம் 200 புள்ளி. 70 என்பது பிள்ளை அடிப்படை மட்டத்தை எட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. வெட்டுப்புள்ளி அதைவிட வெகு உயரத்தில் நிற்கும். மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும். உதவிப் பணம் கிடைப்பதும் பெரிய பள்ளியில் தரம் 6க்கு இடம் கேட்பதும் அதை வைத்து. உதவிப் பணத்துக்குக் குடும்ப வருமானமும் பார்ப்பார்கள்.

சின்னப் பள்ளியை அளக்க வெட்டுப்புள்ளியை விட 70ஐப் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். 9 பேர் எழுதும் வகுப்பில் வெட்டுப்புள்ளிக்கு மேல் ஒருவர் வந்தாரா இல்லையா என்பது அந்த ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி. 9 பேரில் எத்தனை பேர் 70ஐத் தாண்டினார்கள் என்பதுதான் ஆரம்பப் பிரிவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும். தாண்டாதவர்கள் பெரும்பாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பதிலேயே தடுக்கி நிற்பவர்கள். அவர்களைத் தரம் 6க்கு அப்படியே ஏற்றிவிட்டு, ஓ.எல்லில் கணிதம் ஏன் போனது என்று ஆறு வருடம் கழித்துக் கேட்பதில் பிரயோசனம் இல்லை.

கெட்டிக்காரப் புள்ளைகள் அஞ்சாம் ஆண்டோட டவுனுக்குப் போயிருதுகள். மிச்சத்த வச்சு என்ன செய்யுற?

"மிச்சம்" என்ற சொல்லைப் பிள்ளைகள் காதுபடச் சொல்லாதீர்கள். அதை விட்டால் கேள்வி நியாயமானது. மேலே பேனர் கணக்கில் போன 6 பேர் இவர்கள்தான். அவர்களோடு சேர்ந்து, பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பெற்றோரும் போய்விடுகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கக்கூடிய ஆளும் போய்விடுகிறார்.

ஆகவே தரம் 11 பெறுபேற்றை டவுன் பள்ளியோடு வைத்துப் பார்க்கும்போது, இரண்டு பள்ளியும் ஒரே மாதிரிப் பிள்ளைகளோடு தொடங்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. சரியான ஒப்பீடு, தரம் 6க்கு வந்தபோது இருந்த மட்டத்தில் இருந்து பிள்ளை எவ்வளவு தூரம் வந்தது என்பது. தரம் 6 முதலாம் தவணையில் ஒரு சின்ன வாசிப்புச் சோதனையும் கூட்டல் கழித்தல் சோதனையும் வைத்துக் கொப்பியில் எழுதி வைத்தாலே போதும். 80 வீதம் எடுத்த பெரிய பள்ளியை விட 50 வீதம் எடுத்த சின்னப் பள்ளி கூடுதலாக உழைத்திருப்பது அப்போது தெரியவரலாம். அப்படி இல்லாமல், நன்றாக வந்த பிள்ளைகளையும் இந்தப் பள்ளி கீழே விட்டிருப்பதும் தெரியவரலாம். இரண்டையும் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

பொடியன்மார் ஒன்பதாம் ஆண்டோட காணாமப் போறாங்க. ஓ.எல் எழுதுறது முழுக்கப் பொம்பிளப் புள்ளைகள். ஏன்?

தரம் 9இன் வரவு இடாப்பைத் திறந்து பாருங்கள், மாரிப்போக வேளாண்மை வெட்டு நடக்கும் பெப்ரவரிப் பக்கத்தை. மேலே ஒரு பெயருக்கு நேரே திங்கட்கிழமை 0. செவ்வாய் 0. அதற்குக் கீழே இன்னொரு பெயர், அதே நாட்களில் 0. இரண்டாம் கிழமை நடுவில் ஒரு 1 வரும், மாஸ்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பிய நாள் அது. பிறகு திரும்பவும் 0. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக "பட்டி" என்று எழுதியிருக்கும். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பையன். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குத் தகப்பனோடு போய் நிற்பவன் வேளாண்மைக் காலம் முடிந்துதான் வருவான். மற்றவன் வெட்டு மெஷினுக்குப் பின்னால் மூட்டை ஏற்றப் போயிருப்பான். ஒரு நாள் கூலியைக் கையில் வாங்கிப் பழகிய பதினான்கு வயதுப் பையனுக்கு, திரும்பி வந்து இயற்கணிதச் சமன்பாட்டுக்கு முன்னால் குந்தியிருப்பது கஷ்டம். விட்டுப்போன பாடத்தை அவனுக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை.

5 முதல் 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்பது சட்டம். ஆனால் இடாப்பில் தொடர்ந்து நாலைந்து 0 விழுந்த உடனே வீட்டுக்குப் போனால்தான் பையனைப் பிடிக்கலாம். இரண்டு மாதம் கழித்துப் போனால் அவன் கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் நிற்பான். பெண் பிள்ளைகளிலும் விலகல் இருக்கிறது, இளவயதுக் கல்யாணம் அதில் முக்கியமான காரணம். அது இடாப்பில் கடைசி நேரத்தில்தான் தெரியும், அதற்கு முன் ஓரத்தில் ஒரு குறிப்பும் இருக்காது.

தாய் வெளிநாட்டில இருக்கிற புள்ளைகள்தான் பெயிலாகுதுகளாமே? கணக்கு எடுத்தா காட்டுமாமே?

ஒரு பள்ளியில் ஒரு வருடக் கணக்கை எடுத்தால் எதையும் காட்டும். தாய் சவூதியிலோ குவைத்திலோ இருக்கும் பிள்ளைகள் வகுப்பில் 3 பேர், அதில் 2 பேர் தேறவில்லை: "67 வீதம் பெயில்". 80க்கும் 40க்கும் சொன்ன அதே விடயம்தான், இங்கே எண்ணிக்கை இன்னும் சின்னது. இந்த மாதிரி முடிவைக் கூட்டத்தில் சொன்னால், அந்த மூன்று பிள்ளைகளும் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தாய் போனது ஏன் என்று பார்த்தால் கடன், தகப்பனுக்கு வருமானம் இல்லை, வீடு கட்டி முடிக்கவில்லை. அந்தக் காரணங்களே பிள்ளையின் படிப்பையும் இழுக்கும். தாயின் பிரிவையும் வறுமையையும் ஒன்றில் இருந்து ஒன்று பிரித்துப் பார்க்காமல் பழியைத் தாயின் தலையில் போடுவது ஊருக்குச் சுகமான வேலை. அம்மம்மா கண்டிப்பாக வளர்த்து ஓ.எல்லில் நன்றாக எடுத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் கணக்கு எடுப்பதில்லை.

பெற்றோரின் படிப்பைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். 2007 முற்பகுதியில் படுவான்கரைச் சனம் போரால் இடம்பெயர்ந்து வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை முகாம்களில் இருந்தது. 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு அப்போது ஓ.எல் எழுதும் வயது. அவர்களில் பலர் எழுதவில்லை, எழுதியவர்களும் கூடாரத்துக்குள் இருந்து படித்து எழுதினார்கள். இன்று ஆரம்பப் பிரிவிலும் தரம் 6, 7 இலும் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன் அவர்கள்தான். வீட்டுவேலைக் கொப்பியைப் பார்க்கத் தெரியவில்லை என்று அவர்களை ஏசும் இளம் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பத்துப் புள்ளைக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. டவுனில நாப்பது பேருக்கு ஒருத்தர். இதவிட என்ன வேணும்?

90 பிள்ளை, 9 ஆசிரியர். காகிதத்தில் உலகத்திலேயே அருமையான விகிதம். ஆனால் தரம் 1 முதல் 11 வரை 11 வகுப்பு இருக்கிறது. ஆரம்பப் பிரிவுக்கு நான்கு பேர் போனால், மீதி ஐந்து பேர் இரண்டாம் நிலையின் ஆறு வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும். அதில் ஒருவர் பிரசவ விடுமுறை, ஒருவருக்கு வலயத்தில் செயலமர்வு. கணிதத்துக்கு நியமனம் பெற்றவர் இல்லை என்றால், சமயப் பாட ஆசிரியர் கணித வகுப்பில் நிற்பார். ஆங்கிலத்துக்கும் அதே கதி.

ஆகவே விகிதத்தைக் கேட்காதீர்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் அந்தந்தப் பாடத்துக்கே நியமனம் பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, கடந்த மூன்று வருடத்தில் அந்தக் கதிரை எத்தனை மாதம் வெறுமையாக இருந்தது என்று கேளுங்கள். ஆரம்பப் பிரிவில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துப் படிப்பிப்பது மட்டும் தன்னளவில் குறை இல்லை. அதற்கான பயிற்சி இருந்தால் நன்றாகவே நடக்கும்.

டீச்சர்மார் ஏன் நிக்கிறாங்க இல்ல?

வீடு எழுவான்கரையில், பள்ளி படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக்குவரத்து நன்றாகச் சுகப்பட்டது. ஆனால் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் படகுப்பாதையை நம்பிய காலமும், மாரியில் வீதிக்கு மேல் தண்ணீர் போகும் நாட்களும், அந்தி பட்டால் யானை இறங்கும் பாதைகளும் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். கஷ்டப் பிரதேசத்தில் கட்டாயக் காலம் முடிந்த உடனே இடமாற்றம் கேட்பார்கள். தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் இருந்து புதிதாக வரும் பிள்ளைகள் உற்சாகமாகத்தான் வருகிறார்கள். தொழில் பழகி முடியும்போது மாறிப் போகிறார்கள். அதே ஊரில் பிறந்து ஆசிரியரானவர்கள்தான் நீண்ட காலம் நிற்கிறார்கள், அப்படியானவர்கள் கிடைக்க முதலில் அந்த ஊரில் ஓ.எல், ஏ.எல் தேற வேண்டும்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தோட பார்த்தா எங்கட வலயம் ஏன் பின்னுக்கு நிக்குது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயம்: மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு. மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி போன்ற நெருக்கமான நகரப் பகுதிகளைச் சேர்த்தது. எங்கள் மேற்கு வலயம் பரந்த வயலும் குளமும் காடும். ஒன்றில் பிள்ளை நடந்து போகும் தூரத்தில் மூன்று பள்ளியும் நாலு டியூசனும் இருக்கும். மற்றதில் அடுத்த பள்ளி எத்தனையோ கிலோமீற்றர் தள்ளி. இதை "அவங்க", "நாங்க" என்று இனக் கணக்காக்குபவர்களிடம் நான் கேட்பது: மட்டக்களப்பு டவுன் பக்கத்துக் கல்லடியில் இருக்கும் தமிழ்ப் பள்ளியோடு ஏன் ஒப்பிடுகிறீர்களில்லை? அங்கேயும் அதே இடைவெளிதான் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் தமிழர், 25 பேர் முஸ்லிம்கள். அந்த 72க்குள்ளேயே டவுனும் உண்டு, தூரத்து ஊர்களான உன்னிச்சையும் உண்டு, வாகரையும் உண்டு.

வலயச் சராசரியும் மறைக்கும். பட்டிருப்பு வலயம் வாவிக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பெறுபேறு வெல்லாவெளிப் பக்கத்துப் பெறுபேற்றைத் தூக்கிப் பிடிக்கும். வலயம் முன்னேறியது என்ற செய்தியைப் பார்த்து உட்கிராமத்துப் பள்ளியும் முன்னேறியது என்று நினைக்க முடியாது. வலயத்துக்குள் இருக்கும் சின்னப் பிரிவான கோட்ட மட்டத்துக்கு இறங்கிப் பாருங்கள்.

கஷ்டப் பிரதேசப் பள்ளியில படிச்சா கெம்பஸ் கோட்டா கூடக் கிடைக்குமா? அதுக்காக இங்கேயே வச்சிருக்கலாமா?

பல்கலைக்கழக அனுமதிக்கான கோட்டா மாவட்டத்துக்குத்தான், ஊருக்கு இல்லை. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16இல் இருக்கின்றன. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே பட்டிப்பளையில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்கு மாறினால் கோட்டாவில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வகை 2 பள்ளியில் உயர்தரமே இல்லை என்பதால், எப்படியும் தரம் 12க்கு வேறு பள்ளிக்குப் போகத்தான் வேண்டும்.

ஓ.எல் சரிவரல்ல. மகனுக்கு இனி அவ்வளவுதானா?

இல்லை. திரும்ப எழுதலாம், தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். அதோடு 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவுக்கு ஓ.எல் சித்தி கட்டாயம் இல்லை. தரம் 12, 13 இல் தொழில்சார் பாடங்கள், பிறகு என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் வரை போகலாம். எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு இல்லை, எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். இடையில் நின்ற பிள்ளைகளுக்கு அதே அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு உண்டு.

ஊரில் இதை "படிக்காத பொடியன்மாரின் வகுப்பு" என்று பேர் வைத்து, கிடைத்த பிள்ளையையும் போகவிடாமல் செய்கிறார்கள். வயறிங் வேலை தெரிந்த ஆள் தேவைப்படும்போது எல்லோரும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கத்தானே போகிறோம்.

புள்ள குறைஞ்சா பள்ளிக்கூடத்த மூடிருவாங்களா?

சின்னப் பள்ளிகளை அருகில் உள்ளவற்றோடு இணைக்கும் பேச்சு அவ்வப்போது வரும். மாணவர் தொகையை மட்டும் வைத்துப் பேசினால் எதிர்த்துக் கேளுங்கள். அடுத்த பள்ளிக்கு எத்தனை கிலோமீற்றர், இடையில் ஆறா காடா, யானைப் பாதையா, மாரியில் பஸ் ஓடுமா, இவை நான்கும் எழுத்தில் போக வேண்டும். பெறுபேற்றைக் காட்டி மூடப் பார்த்தால் 80க்கும் 40க்கும் சொன்ன கணக்கைக் காட்டுங்கள். ஆனால் பெற்றோர் தாங்களே பிள்ளையை டவுனில் சேர்த்துவிட்டு, பள்ளியை மூடக் கூடாது என்று மகஜரில் கையெழுத்து வைப்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

வலயத்தில இருந்து என்ன கேட்டு வாங்கலாம்? தருவாங்களா?

முதலில் அதிபரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டியவை: ஐந்து வருடத்துக்கு ஓ.எல் தோற்றியோர், உயர்தரத் தகுதி பெற்றோர், கணிதத்தில் சித்தியடைந்தோர் எண்ணிக்கை. அதே பிள்ளைகள் தரம் 6இல் இருந்தபோது வகுப்பின் தொகை. விலகிச் சென்றோர், ஆண் பெண் வாரியாக. பாடவாரியாக ஆசிரியர் வெற்றிடம். எண்ணிக்கையைக் கேளுங்கள், வீதத்தைக் கேட்காதீர்கள், வீதத்தை நீங்களே போடலாம். பிள்ளைகளின் பெயரைக் கேட்கக் கூடாது.

பெறுபேற்றைப் பேனரில, பேஸ்புக்கில படத்தோட போடுறது பிழையா? புள்ளைகளுக்கு உற்சாகம்தானே?

200 பேர் எழுதும் பள்ளியில் 9 ஏ எடுத்தவர்களின் படத்தைப் போட்டால் மற்றவர்கள் கூட்டத்தில் கலந்துவிடுவார்கள். 9 பேர் எழுதிய பள்ளியில் 7 படம் போட்டால், மற்ற இரண்டு பிள்ளைகளின் படத்தையும் போட்ட மாதிரித்தான். ஊரே எண்ணிப் பார்த்துவிடும். அந்த இருவரும் சந்தியைக் கடந்து கடைக்குப் போக வேண்டும், பேனர் கிழியும் வரை அங்கேதான் தொங்கும்.

பள்ளிக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்றால் மூன்று வருடத்துத் தொகையைப் படமில்லாமல் போடுங்கள். நன்றாகச் செய்த பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் கூப்பிட்டுப் பாராட்டுங்கள், பெற்றோரையும் வரச் சொல்லுங்கள். பேனர் அடிக்கும் காசில், திரும்ப எழுதப்போகும் அந்த இரண்டு பேருக்கும் கணித கடந்தகால வினாத்தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கலாம். பத்து வருட வினாத்தாள் எடுத்தாலும் மிச்சம் வரும்.